அமெரிக்காவில் உயிர்த்திரள் ஆற்றல் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதி: ஒரு வரலாறு

மரம், மரத்தூள், பட்டை, பயிர்க்கழிவு போன்ற உயிர்ப்பொருள்களை எரித்து மின்சாரமோ வெப்பமோ பெறுவது உயிர்த்திரள் ஆற்றல் எனப்படுகிறது. இத்தகைய நிலையங்களையும், அவற்றுக்கான எரிபொருளைத் தயாரிக்கும் ஆலைகளையும் அமைக்க அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காற்று மாசு தொடர்பான அனுமதி பெற வேண்டும். ஆலை ஆண்டுக்கு எத்தனை டன் மாசு வெளியிடலாம், எந்தக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்த வேண்டும், எப்போது அளந்து காட்ட வேண்டும் என்பவற்றை அனுமதி ஆணை வரையறுக்கிறது.

ஆலை கட்டப்படுவதற்கு முன்பே அனுமதி வழங்கப்படுகிறது. ஆகவே அதில் உள்ள எண்கள் பெரும்பாலும் கணிப்புகளே. அந்தக் கணிப்பைச் செய்வது யார், அது சரிதானா என்று பிறகு அளந்து பார்ப்பது யார் என்ற இரு கேள்விகள் இத்துறையின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகின்றன.

தொடக்கம்

காகித ஆலைகளும் மர அறுவை ஆலைகளும் தம் கழிவை எரித்து நீராவி எடுப்பது பழைய வழக்கம். மரத்தை எரித்து மின்சாரம் விற்பது தனித் தொழிலாக வளர்ந்தது 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான். 1978இல் ஜிம்மி கார்ட்டர் ஆட்சிக் காலத்தில் பொதுப் பயன்பாட்டு ஒழுங்குமுறைக் கொள்கைச் சட்டம் இயற்றப்பட்டது. உயிர்த்திரள் உள்ளிட்ட புதுப்பிக்கத்தக்க மூலங்களைப் பயன்படுத்தும், 80 மெகாவாட்டுக்கு மேற்படாத நிலையங்களிடமிருந்து மின் நிறுவனங்கள் மின்சாரம் வாங்க வேண்டும் என்று அது விதித்தது. காடுகள் மிகுந்த வடகிழக்கு மாநிலங்களிலும் கலிபோர்னியாவிலும் இதன்பின் பல நிலையங்கள் எழுந்தன.

வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 1984இல் இயங்கத் தொடங்கிய மெக்நீல் நிலையம் இக்காலத்தின் முக்கிய எடுத்துக்காட்டு. இதன் திறன் 50 மெகாவாட். நகருக்குள் லாரிப் போக்குவரத்தைக் குறைப்பதற்காக, எரிபொருளான மரச்சில்லுகளில் முக்கால் பங்கு ரயிலில் வர வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு விதிக்கப்பட்டது. மரம் வெட்டப்படும் முறையை நிலையத்தின் வனவியலாளர்கள் கண்காணிக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. புகைபோக்கிக்கு வெளியே உள்ள சாலையையும் காட்டையும் கணக்கில் கொண்ட அனுமதிகளில் இது குறிப்பிடத்தக்கது. நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்டம் இவ்வாறு அமையவில்லை.

250 டன் வரம்பு

நடுவண் அளவில் அனுமதிக்கு அடிப்படையாக இருப்பது 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம். அதில் 1977இல் செய்யப்பட்ட திருத்தம், காற்று ஏற்கெனவே ஓரளவு தூய்மையாக உள்ள பகுதிகளில் அது கெட்டுப்போகாமல் தடுக்கும் அனுமதி முறையைச் சட்டத்தில் சேர்த்தது. இதன்படி ‘பெரிய மாசு மூலம்’ என்று கருதப்படும் புதிய ஆலை, கிடைக்கக்கூடியவற்றுள் மிகச் சிறந்த கட்டுப்பாட்டு நுட்பத்தைப் பயன்படுத்த வேண்டும். சுற்றுப்புறக் காற்றின் மீது தன் புகை ஏற்படுத்தும் விளைவையும் ஆராய்ந்து காட்ட வேண்டும்.

எது பெரிய மூலம் என்பதற்கு இரண்டு வரம்புகள் வகுக்கப்பட்டன. சட்டத்தில் பெயர் குறிப்பிட்டுப் பட்டியலிடப்பட்ட 28 வகைத் தொழில்களுக்கு வரம்பு ஆண்டுக்கு 100 டன். பட்டியலில் இல்லாத மற்றவற்றுக்கு 250 டன். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருளில் இயங்கும் பெரிய அனல்மின் நிலையங்கள் பட்டியலில் இடம்பெற்றன. மரத்தை மட்டும் எரிக்கும் மின் நிலையம் அதில் இல்லை. இதனால், நிலக்கரி நிலையம் 100 டன்னில் எதிர்கொள்ளும் கடுமையான ஆய்வை, மரம் எரிக்கும் நிலையம் 250 டன் வரை எதிர்கொள்ள வேண்டியதில்லை என்ற நிலை ஏற்பட்டது. ஆனால் ஈர மரம் எரியும்போது நுண்துகள், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவை கணிசமாக வெளிவருகின்றன.

250 டன்னுக்கு மேல் மாசு வெளியிடும் திறன் உள்ள ஆலைக்கும் ஒரு வழி இருந்தது. ஆண்டுக்கு 249 டன்னுக்கு மேல் வெளியிடமாட்டேன் என்ற வரம்பைத் தன் அனுமதியிலேயே எழுதிக்கொண்டால் அது சட்டப்படி சிறிய மூலமாகிவிடும். அனுமதித் துறையில் இத்தகைய ஆலை ‘செயற்கைச் சிறு மூலம்’ எனப்படுகிறது. இது சட்டத்துக்கு உட்பட்ட முறையே. மாசைக் குறைக்க ஆலைகளைத் தூண்டும் என்பது இதன் நோக்கம். ஆனால் வரம்பைக் காக்கும் என்று காட்டுவதற்கான கணக்கை விண்ணப்பிக்கும் நிறுவனமே அளிக்கிறது. உயிர்த்திரள் நிலையங்களின் 88 அனுமதிகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஓர் அறிக்கை, இந்த வழியைப் பல நிலையங்கள் பயன்படுத்தியதைச் சுட்டிக்காட்டியது.

1990இல் தூய காற்றுச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. பெரிய ஆலைகள் தமக்குப் பொருந்தும் எல்லா விதிகளையும் தொகுத்துக் கூறும் இயக்க அனுமதியைப் பெற வேண்டும் என்று அது கூறியது. பட்டியலிடப்பட்ட நச்சுப் பொருள்களில் ஏதேனும் ஒன்றை ஆண்டுக்கு 10 டன்னோ, எல்லாம் சேர்த்து 25 டன்னோ வெளியிடக்கூடிய ஆலை, காற்று நச்சுகளின் பெரிய மூலம் எனப்பட்டது.

மாசசூசெட்ஸில் எழுந்த கரிமக் கேள்வி

மரம் வளரும்போது கார்பன் டையாக்சைடை எடுத்துக்கொள்கிறது, எரியும்போது அதையே திருப்பித் தருகிறது, எனவே நிகர விளைவு சுழியம் என்ற கருத்து நீண்ட காலம் கேள்வியின்றி ஏற்கப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பல உயிர்த்திரள் நிலையங்கள் முன்மொழியப்பட்டபோது இக்கருத்தை ஆராயுமாறு அம்மாநில ஆற்றல் துறை மானோமெட் ஆய்வு மையத்தைக் கேட்டுக்கொண்டது. 2010 ஜூனில் அறிக்கை வெளிவந்தது.

ஒரே அளவு மின்சாரத்துக்கு மரம் நிலக்கரியைவிட அதிகக் கார்பன் டையாக்சைடை வெளியிடுகிறது என்று அந்த அறிக்கை கூறியது. இந்தக் கூடுதல் அளவை அது ‘கரிமக் கடன்’ என்றது. வெட்டிய காடு மீண்டும் வளர வளரக் கடன் அடையும். நிலக்கரி மின்சாரத்துக்கு மாற்றாக மரத்தை எரித்தால் கடன் அடைய இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். இயற்கை எரிவாயு மின்சாரத்துக்கு மாற்றாக எரித்தால் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகும். இதன் அடிப்படையில் மாநில அரசு 2012இல் விதிகளை மாற்றியது. எரிபொருளின் ஆற்றலில் குறைந்தது பாதியைப் பயனுள்ள ஆற்றலாக மாற்றும் நிலையங்களுக்கே புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் என்றானது. மின்சாரம் மட்டும் தயாரிக்கும் மர நிலையங்கள் அவ்வளவு திறன் காட்ட முடியாது.

அம்மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் முன்மொழியப்பட்ட 35 மெகாவாட் நிலையத்தின் கதை நீண்டது. 2011இல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை அதற்குக் காற்று அனுமதி அளித்தது. ஆஸ்துமா மிகுந்த நகரம் என்று மக்கள் எதிர்த்தனர். தான் முன்பு வழங்கிய சிறப்பு அனுமதியை நகர மன்றம் அதே ஆண்டில் திரும்பப் பெற்றது. வழக்குகள் தொடர்ந்தன, கட்டுமானம் நடைபெறவில்லை. இறுதியில் 2021 ஏப்ரலில் மாநிலத் துறையே காற்று அனுமதியை ரத்து செய்தது. உரிய காலத்தில் பணி தொடங்கப்படாததும், அப்பகுதி மக்களின் உடல்நலமும் காரணங்களாகக் கூறப்பட்டன.

நடுவண் விதிகளும் நீதிமன்றங்களும்

பசுங்குடில் வாயுக்களும் தூய காற்றுச் சட்டத்தின்படி காற்று மாசுகளே என்று 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதையடுத்து, மிக அதிகமாகப் பசுங்குடில் வாயுக்களை வெளியிடும் புதிய ஆலைகள் அனுமதி பெற வேண்டும் என்ற விதியைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010இல் வெளியிட்டது. அதில் மரத்திலிருந்து வரும் கார்பன் டையாக்சைடுக்கு விலக்கு அளிக்கப்படவில்லை. மரத் தொழில்துறை எதிர்ப்புத் தெரிவித்தது. 2011 ஜூலையில் முகமை, உயிர்மூலக் கார்பன் டையாக்சைடை மூன்றாண்டுகளுக்குக் கணக்கிலிருந்து ஒத்திவைத்தது. அறிவியல் ஆய்வுக்குக் கால அவகாசம் தேவை என்பது அதன் விளக்கம்.

சூழலியல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2013 ஜூலை 12 அன்று கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒத்திவைப்பு விதியை ரத்து செய்தது. மூன்று நீதிபதிகளில் இருவர் இம்முடிவை ஆதரித்தனர். விதிக்கு முகமை கூறிய சட்டக் காரணங்கள் போதியவையல்ல என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது.

ஓராண்டுக்குள் நிலை மாறியது. 2014 ஜூன் 23 அன்று மற்றொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பசுங்குடில் வாயுக்களை மட்டுமே காரணமாகக் கொண்டு ஓர் ஆலையை இந்த அனுமதி முறைக்குள் கொண்டுவர முடியாது என்று தீர்ப்பளித்தது. வேறு மாசுகளுக்காக ஏற்கெனவே அனுமதி பெற வேண்டிய ஆலைகளிடம் மட்டுமே பசுங்குடில் வாயுக் கட்டுப்பாட்டைக் கோரலாம். இதனால் 250 டன் வரம்புக்குள் நிற்கும் மர நிலையங்களுக்குக் கரிமக் கேள்வியும் எழாமல் போனது. 2018 ஏப்ரலில் முகமை, முறையாகப் பராமரிக்கப்படும் காடுகளின் மரத்தை எரிப்பதைக் கரிமச் சமநிலை கொண்டதாகக் கருதப்போவதாக அறிவித்தது.

பெல்லட் ஆலைகள்

இதற்கிடையில் தொழிலின் வடிவம் மாறிவிட்டிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறிமுறையை ஏற்றபின் அங்கு மரத்துக்குத் தேவை பெருகியது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள டிராக்ஸ் அனல்மின் நிலையம் 2013 முதல் தன் அலகுகளை நிலக்கரியிலிருந்து மரத்துக்கு மாற்றியது. பன்னாட்டுக் கணக்கு முறைப்படி மரத்தின் கரிமம் வெட்டப்படும் நாட்டின் நிலக் கணக்கில் சேரும், எரிக்கும் நாட்டின் ஆற்றல் கணக்கில் சேராது.

இந்த மரம் பெருமளவு அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து செல்கிறது. மரத்தை அரைத்து, உலர்த்தி, அழுத்தி, பெல்லட் என்னும் சிறு உருளைகளாக்கிக் கப்பலில் ஏற்றுகின்றனர். பைன் மரத்தை உலர்த்தும்போதும் அரைக்கும்போதும் அதன் பிசின் ஆவியாகிறது. இவ்வாறு வெளிவரும் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உருவாக்குகின்றன. மின்சாரம் இங்கிலாந்தில் பயன்படுகிறது. மரத்தூளும் ஆவியும் ஆலை இருக்கும் ஊரில் தங்குகின்றன. ஆகவே உயிர்த்திரள் அனுமதியின் மையக் கேள்விகள் மின் நிலையத்திலிருந்து பெல்லட் ஆலைக்கு நகர்ந்தன.

குளோஸ்டர்

மிசிசிப்பி மாநிலத்தின் அமைட் கவுண்டியில் உள்ள குளோஸ்டர், ஆயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் சிற்றூர். மக்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். 2010களின் நடுவில் டிராக்ஸ் நிறுவனம் இங்கு ஒரு பெல்லட் ஆலையைத் தொடங்கியது. ஆண்டுக்கு சுமார் 4.5 லட்சம் டன் பெல்லட் தயாரிக்கும் வகையில் அது அமைக்கப்பட்டது. ஆவியாகும் கரிமச் சேர்மங்களில் 250 டன் வரம்புக்குள் நிற்கும் என்ற கணிப்பில் அதற்கு அனுமதி கிடைத்தது.

பின்னர் அளவீடு செய்யப்பட்டபோது, உண்மையான வெளியேற்றம் வரம்பைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் என்று தெரியவந்தது. ஆலை பல ஆண்டுகள் அவ்வாறே இயங்கியிருந்தது. 2020 இறுதியில் மாநிலச் சுற்றுச்சூழல் துறையுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனம் 25 லட்சம் டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது, கூடுதல் கட்டுப்பாட்டுக் கருவிகளும் பொருத்தப்பட்டன. பெல்லட் ஆலைகள் பலவற்றில் அனுமதி வரம்புகள் மீறப்படுவதாக 2018இல் ஒரு சூழலியல் அமைப்பு ஏற்கெனவே அறிக்கை வெளியிட்டிருந்தது. லூசியானா மாநிலத்தில் இதே நிறுவனத்தின் இரு ஆலைகள் தொடர்பாக 2022இல் மொத்தம் 32 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது.

குளோஸ்டர் ஆலை காற்று நச்சுகளின் வரம்பையும் மீறியதாக 2024இல் மீண்டும் அபராதம் விதிக்கப்பட்டது. தன்னைக் காற்று நச்சுகளின் பெரிய மூலமாக வகைப்படுத்தி அனுமதியை மாற்றித் தருமாறு நிறுவனம் விண்ணப்பித்தது. 2025 ஏப்ரலில், ஊர் மக்களின் எதிர்ப்பைக் கேட்டபின், மாநில அனுமதி வாரியம் விண்ணப்பத்தை மறுத்தது. நிறுவனம் மறுவிசாரணை கோரியது. அதே ஆண்டு அக்டோபரில் வாரியம் தன் முடிவை மாற்றி அனுமதி வழங்கியது.

மதிப்பீடு

உயிர்த்திரள் புதுப்பிக்கத்தக்கதா என்ற விவாதமும், உயிர்த்திரள் ஆலை அருகில் வாழ்வோருக்குத் தீங்கானதா என்ற விவாதமும் வேறு வேறு. முதல் விவாதத்துக்கு நாடாளுமன்றங்களும் நீதிமன்றங்களும் ஆய்வு நிறுவனங்களும் நிறைய நேரம் செலவிட்டன. இரண்டாவது கேள்விக்கான விடை பெரும்பாலும் அனுமதி விண்ணப்பத்தின் கணக்குத் தாள்களில் முடிவானது. சிறிய மூலம் என்று வகைப்படுத்தப்பட்டதால் குளோஸ்டர் ஆலை தொடக்கத்தில் கடுமையான ஆய்வுக்கு உட்படவில்லை. அந்த வகைப்பாடு பிழையானது என்பது ஆலை எழுந்து ஆண்டுகள் பல கடந்தபின்தான் அளவீட்டால் உறுதியானது.

அபராதத் தொகை அரசுக்குச் சேர்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு அது ஈடாவதில்லை. ஆலை இயங்கத் தொடங்கியவுடனே புகைபோக்கிச் சோதனை நடத்துதல், முடிவுகளை ஊர் மக்கள் பார்க்கும்படி வெளியிடுதல், கணிப்பு தவறினால் அனுமதியை உடனே மறுஆய்வு செய்தல் ஆகியவை இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் நடைமுறைப் பாடங்கள். அனுமதி எத்தனை கடுமையானது என்பதைக் காட்டிலும், அதிலுள்ள எண் எத்தனை விரைவில் சரிபார்க்கப்படுகிறது என்பதே ஆலையைச் சுற்றி வாழ்வோருக்கு முதன்மையானது.