மறையாத பழைய வடிகட்டி

தொழில்நுட்ப வரலாற்றை நாம் பெரும்பாலும் ஏணியாகவே எழுதிப் பழகிவிட்டோம்: புதியது வந்தது, பழையது ஒழிந்தது. லாரி என்ஜினின் எண்ணெய் வடிகட்டி கடந்துவந்த நூறாண்டுகள் அப்பழக்கத்தை மறுக்கின்றன.

1923இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் ‘பியூரொலேட்டர்’ என்னும் வடிகட்டியை உருவாக்கினார். மறு ஆண்டே அது கிரைஸ்லர் காரில் இடம்பெற்றது. அடுத்த இருபதாண்டுகளில் பரவலானவை கிளைவழி வடிகட்டிகள். பம்பு தள்ளும் எண்ணெயில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை மட்டும் தனிக்குழாயில் பிரித்து, நுண்ணிய ஊடகத்தின் வழியே மெதுவாக வடித்து, எண்ணெய்த் தொட்டிக்கே திருப்புவது அம்முறை. எஞ்சிய எண்ணெய் வடிகட்டப்படாமலேயே பேரிங்குகளை அடைந்தது.

இக்குறையைப் போக்க, இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் முழுவழி வடிகட்டி பரவியது. எண்ணெய் முழுவதும் அதன் ஊடாகவே செல்லும். ஆனால் அத்தனை எண்ணெயும் தடையின்றிச் செல்ல வேண்டுமெனில் துளைகள் மிக நுண்ணியவையாக இருத்தல் இயலாது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயையே என்ஜினுக்கு அனுப்பும். அழுக்கான எண்ணெய் தேய்மானத்தைத் தரும். எண்ணெயே இல்லாவிடில் என்ஜின் சில நிமிடங்களில் அழியும். வடிவமைப்பாளர்கள் முன்னதைத் தேர்ந்தனர்.

கார்களில் கிளைவழி முறை ஏறக்குறைய மறைந்தது. கனரக டீசல் என்ஜின்களில் மறையவில்லை. காரணம், புகைக்கரி. 1930களின் நடுவில் கேட்டர்பில்லர் டீசல் என்ஜின்களில் பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்ட சிக்கலுக்குத் தீர்வாக, கசடு படியவிடாத சேர்மங்கள் எண்ணெயில் கலக்கப்பட்டன. அவை கரித்துகள்களைப் படியவிடாமல் மிதக்கவிட்டன. எண்ணெய் கறுப்பது சேர்மம் வேலை செய்வதன் அடையாளமும்கூட. ஆனால் மிதக்கும் கரித்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியது. முழுவழி வடிகட்டிக்கு அகப்படாதது. அதைப் பிரிக்க மெதுவான கிளைவழியோ, எண்ணெயைச் சுழற்றிக் கசடைப் பிரிக்கும் மையவிலக்குக் கருவியோ தேவை. இன்றைய வால்வோ டி13 என்ஜினில் இரண்டு முழுவழி வடிகட்டிகளுடன் ஒரு கிளைவழி வடிகட்டியும் இருப்பது இதனால்தான்.

நுண்வடிகட்டலின் பயனை அளந்து காட்டியது, ஜெனரல் மோட்டார்ஸின் டேவிட் ஸ்டேலி 1988இல் வெளியிட்ட ஆய்வு. 40 மைக்ரான் வடிகட்டியுடன் ஒப்பிட, 30 மைக்ரானில் தேய்மானம் பாதியாகவும், 15 மைக்ரானில் 70 விழுக்காடும் குறைந்தது. இவை தூசியை வேண்டுமென்றே கலந்து ஆய்வகத்தில் பெற்ற எண்கள். சாலைக்கு அப்படியே பொருந்தா. தீர்ந்துபோன சேர்மங்களையும் எந்த வடிகட்டியும் மீட்டுத் தராது.

இந்தியாவில் 2024 ஏப்ரல் 1 முதல், பயன்படுத்திய எண்ணெயை மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பு உற்பத்தியாளர்மீதும் சட்டப்படி சுமத்தப்பட்டுள்ளது. ஓர் எண்ணெய் எத்தனை கிலோமீட்டர் உழைத்தது என்னும் கேள்வி இனி லாரி உரிமையாளருடையது மட்டுமன்று. அதற்கான பழைய விடைகள் காப்புரிமை ஆவணங்களில் இல்லை. நெடுஞ்சாலையோரப் பட்டறைகளின் எண்ணெய்க்கறை படிந்த கணக்கேடுகளில் உள்ளன. பழைய காகிதமாக எடைக்குப் போகும் முன்னர் அவற்றைத் தொகுக்க முன்வரும் ஆய்வு மாணவர் எவரேனும் உண்டா?