தரையிலேயே பறந்த விமானம்

இன்றைய மாணவச் செல்வங்களிடம் சிமுலேஷன் என்றால் என்ன என்று கேட்டால் லேப்டாப்பைத் திறந்து காட்டுவார்கள். தமிழில் 'பாவனை' எனலாம். சொப்புச் சாமான் வைத்துச் சோறு பொங்குவதும் பாவனைதான். ஆனால் பாவனை உயிர் காக்கும் வித்தையாக ஆனது கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே. எங்கே என்கிறீர்கள்? ஆர்கன் வாத்தியம் செய்கிற பட்டறையில்!

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பா பியானோ, ஆர்கன் செய்து விற்றவர். மகனுக்கோ பறப்பதில் பைத்தியம். பறக்கக் கற்க ஆகும் செலவு அப்போது கொள்ளை. அப்பாவின் பட்டறையில் இருந்த துருத்தி, வால்வு, காற்றுப் பம்பு இவற்றை வைத்து 1929-ல் ஒரு குட்டி விமானம் கட்டினார். நம்ம ஊர் ஆர்மோனியத்தில் இருக்கிறதே, அந்த ஜாதித் துருத்திதான். உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கை இழுத்தால் ஒரு துருத்தி உப்பும், இன்னொன்று சுருங்கும். பெட்டி மூக்கைத் தூக்கும், சாயும், திரும்பும். ராணுவம் அதைச் சீந்தவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்களில் காசு போட்டு ஆடுகிற விளையாட்டாகத்தான் முதலில் போணியானது.

1934-ல் நிலைமை மாறியது. அந்த பிப்ரவரியில் அமெரிக்க விமானத் தபால் வேலை திடீரென ராணுவ விமானிகள் தலையில் விழுந்தது. கடுங்குளிர், பனிமூட்டம், இரவுப் பயணம். மேகத்துக்குள் போன விமானிக்கு வானமும் தெரியாது, தரையும் தெரியாது. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ஏமாற்றிவிடும். விமானம் மெல்லச் சுழன்று இறங்கும்போதுகூட 'நேராத்தானே போறோம்' என்று உடம்பு சாதிக்கும். உடம்பை நம்பாதே, கருவியின் முள்ளை நம்பு என்பதைப் புத்தகத்தில் படித்தால் போதாது, பழகணும். பழகாத விமானிகள் சில வாரங்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்க்கிடம் ஆறு பெட்டிகள் வாங்கியது.

மாணவனை உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். வெளியே மேஜையில் வாத்தியார். அவர் முன்னால் விரித்த வரைபடத்தில் 'நண்டு' என்று செல்லப் பெயர் கொண்ட குட்டி வண்டி ஊர்ந்து, மாணவன் எங்கெங்கே வழி தவறினான் என்று மையால் கோடு போட்டுக் காட்டிவிடும். இரண்டாம் உலகப் போரில் இப்படிப் பழகியவர்கள் ஐந்து லட்சம் பேர் என்பது கணக்கு. சிமுலேட்டரின் பெரிய உபயோகமே தப்பு செய்ய இடம் கொடுப்பதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு இன்னொரு சாட்சி 1969. லிங்க் நிறுவனம் அப்பல்லோ விண்கலங்களுக்கும் சிமுலேட்டர் கட்டியிருந்தது. நிலவில் இறங்க இரண்டே வாரம் இருக்கையில், ஹூஸ்டன் பயிற்சியில் வேண்டுமென்றே கம்ப்யூட்டர் எச்சரிக்கை ஒன்றை நுழைத்தார்கள். பொறுப்பில் இருந்த ஸ்டீவ் பேல்ஸ் என்ற இளைஞர் இறங்குவதைக் கைவிடச் சொல்லிவிட்டார். அது தேவையே இல்லாத முடிவு. சரியான டோஸ் கிடைத்தது! எந்த எச்சரிக்கைக்கு என்ன செய்வது என்று ஜாக் கார்மன் உட்கார்ந்து பட்டியல் எழுதினார். ஜூலை 20 அன்று நிஜமாகவே 1202 என்ற எச்சரிக்கை அடித்தபோது கார்மனின் பட்டியலில் பதில் இருந்தது. தொடரலாம் என்றார் பேல்ஸ். ஈகிள் இறங்கியது.

ஆனால் சிமுலேட்டருக்கு நாம் ஊட்டியதுதான் தெரியும். போயிங் 737 மேக்ஸ் விமானத்தை விற்றபோது, பழைய 737 ஓட்டியவர்கள் சிமுலேட்டரில் ஏற வேண்டாம், கம்ப்யூட்டர் பாடம் போதும் என்பதையே ஒரு வசதியாகச் சொன்னார்கள். மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் புது மென்பொருள் பற்றி விமானிகளின் கையேட்டில் விளக்கமே இல்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் ஒரு விமானம், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் இன்னொன்று. இரண்டிலும் சேர்த்து 346 பேர் போனார்கள். விமானி கையால் டிரிம் சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு பலம் வேண்டும் என்பதை மேக்ஸ் சிமுலேட்டர் சரியாகக் காட்டவில்லை என்பது அதற்கப்புறம்தான் வெளியே வந்தது. 2019 மே மாதம் அந்த மென்பொருளைத் திருத்தியதாக போயிங் அறிவித்தது. 2020 நவம்பரில் மேக்ஸ் மறுபடி பறக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, அதன் விமானிகள் எல்லோரும் முதலில் சிமுலேட்டரில் ஏற வேண்டும் என்று விதி வந்தது.