அகமதாபாத் வெப்பச் செயல்திட்டம்

அகமதாபாத் வெப்பச் செயல்திட்டம் என்பது கோடை வெப்பத்தால் நேரும் உயிரிழப்பைக் குறைக்கும் பொருட்டு, குஜராத்தின் அகமதாபாத் மாநகராட்சி 2013ஆம் ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்த திட்டம் ஆகும். தெற்காசிய நகரங்களில் இவ்வகையில் வகுக்கப்பட்ட முதல் திட்டம் இதுவே.

பழைய நகரும் வெயிலும்

வெயில் அந்நகருக்குப் புதிதன்று. 1411இல் சுல்தான் அகமது ஷா நிறுவிய இந்நகரில் 1618இல் தங்கியிருந்த முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், இதனைப் புழுதி நகர் என்றும் அனற்காற்று நாடு என்றும் தம் குறிப்பில் பழித்தார். அரசர் குறைபட்டுக்கொண்டார், குடிமக்களோ அதற்கேற்ப வீடு கட்டிக்கொண்டனர். ‘போள்’ எனப்படும் பழைய குடியிருப்புகளில் சந்துகள் மிகக் குறுகியவை. ஒரு வீட்டின் நிழல் எதிர்வீட்டின் சுவரில் விழும். வீட்டின் நடுவே திறந்த முற்றம், அதனடியில் மழைநீரைச் சேர்த்துவைக்கும் ‘டாங்கா’ என்னும் தொட்டி.

பஞ்சாலைகள் பெருகியபின் நகரம் மதிலைத் தாண்டிப் பரவியது. தகரக் கூரைகளும் கல்நார்க் கூரைகளும் கான்கிரீட் தளங்களும் தார்ச்சாலைகளும் வந்தன. இவை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவிலும் விடாமல் உமிழ்பவை.

2010 மே மாதம்

2010 மே 21 அன்று அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 பாகை செல்சியசை எட்டியது. நாளொன்றுக்குச் சுமார் நூறு இறப்புகள் பதிவாகும் நகரில் அன்று மட்டும் 310 இறப்புகள் பதிவாயின.

ஆனால் இவர்களில் பெரும்பாலோரின் இறப்புச் சான்றிதழில் வெயில் என்ற சொல்லே இராது. வெள்ளத்தில் போனவரை எல்லோரும் அறிவர். வெயிலில் போனவருக்கோ மாரடைப்பு என்றோ சிறுநீரகம் செயலிழந்தது என்றோ எழுதப்படும். எனவே ஆய்வாளர்கள் வேறு வழியில் கணக்கிட்டனர். அம்மாதம் இறந்தவர் மொத்தம் 4,462 பேர். 2009, 2011 ஆகிய ஆண்டுகளின் மே மாதச் சராசரி 3,118. மிகுதியான 1,344 இறப்புகளே வெப்பம் கொண்டுபோன உயிர்கள் என்று மதிப்பிடப்பட்டது. எளிய கழித்தல் கணக்குத்தான். எனினும் அதைப் போட்டுப் பார்க்கும்வரை நகரம் தன் இழப்பின் அளவை அறிந்திருக்கவில்லை.

அதே கோடையில் மாநகராட்சியின் சாரதாபென் மருத்துவமனையில், வெப்பத்தால் உடல் சுட்டுத் தீவிர சிகிச்சைக்கு வந்த பச்சிளங்குழந்தைகள் அதிகமாயினர். மகப்பேற்றுப் பிரிவு மேல்மாடியில், கருந்தார் பூசிய தளத்தின் நேர்கீழே இருந்தது. பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினர். அதன்பின் இத்தகைய சேர்க்கை குறைந்ததாகப் பின்னர் வெளிவந்த ஆய்வு கூறியது. இந்த வரலாற்றில் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தந்தது இந்த இடமாற்றமே எனலாம்.

திட்டம் செயற்படும் முறை

காந்திநகரிலுள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனமும் சில அமெரிக்க அமைப்புகளும் மாநகராட்சியுடன் சேர்ந்து திட்டத்தை வகுத்தன. முன்னறிவிப்பு 41 பாகையைத் தாண்டினால் மஞ்சள், 43ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45ஐ எட்டினால் சிவப்பு எச்சரிக்கை. எச்சரிக்கை வந்ததும் யார் யாருக்குச் சொல்லவேண்டும் என்பது முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டது. மருத்துவமனைகளும் 108 ஊர்திகளும் ஆயத்தமாகும். தண்ணீர்ப் பந்தல்கள் வைக்கப்படும். பூங்காக்கள் நண்பகலிலும் திறந்திருக்கும். வெப்பத் தாக்கின் அறிகுறிகளை இனங்காண மருத்துவருக்கும் செவிலியருக்கும் பயிற்சி தரப்பட்டது.

2014, 2015 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக 2018இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இது மதிப்பீடேயன்றித் தலையெண்ணிச் சொன்ன கணக்கன்று. இடையில் 2016 மே 20 அன்று 48 பாகை பதிவாகி, 1916ஆம் ஆண்டின் 47.8 என்ற பழைய உச்சம் முறிந்தது.

2017இல் எளியோர் குடியிருப்புகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. வெண்மை ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கூரையின்கீழ் வெப்பம் சற்றுக் குறையும்.

குறைகள்

எச்சரிக்கை நிழல் ஆகாது. வெளியே செல்லாதீர் என்ற அறிவிப்பு, அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் பயன்படுவதில்லை. வீட்டிலேயே இருந்தாலும் தகரக் கூரையின்கீழ் தெருவைவிட வெக்கை மிகுதி.

அகமதாபாத்தைப் பார்த்துப் பல மாநிலங்களும் நகரங்களும் திட்டங்கள் வகுத்தன. தில்லியிலுள்ள கொள்கை ஆய்வு மையம் 2023இல் இத்தகைய 37 திட்டங்களை ஆராய்ந்தது. யார் அதிகம் பாதிக்கப்படுவர் என்பதை முறையாக மதிப்பிட்டவை இரண்டே. பணம் எங்கிருந்து வரும் என்று காட்டியவை மூன்றே. மற்றவை பெரும்பாலும் தாளில் நிற்பவை என்றால் மிகையன்று.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இதன்படி வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்கப்படும். அதற்கு, இறப்புக்குக் காரணம் வெப்பமே என்று உரியவர் சான்றளிக்க வேண்டும்.