எஃபிமோவ் விளைவு

எஃபிமோவ் விளைவு என்பது, இரண்டிரண்டாகச் சேர்ந்து நிலைக்க இயலாத அளவுக்கு வலுக்குறைந்த ஈர்ப்புடைய துகள்கள், மூன்றாகச் சேரும்போது பிணைந்த நிலைகளை அடைவதைக் குறிக்கும் குவாண்டம் இயற்பியல் விளைவு ஆகும். சோவியத் இயற்பியலாளர் விட்டாலி எஃபிமோவ் 1970 ஆம் ஆண்டில் இதனை முன்கணித்தார். ஒன்றைக் கழற்றினால் மற்ற இரண்டும் பிரிந்துவிடும் மூன்று வளையங்களை இதற்கு உவமை கூறுவர். உவமை ஓரளவே பொருந்தும். வளையங்களில் இருப்பது ஒரே பிணைப்பு, எஃபிமோவ் நிலைகளோ ஏணிப்படிகள் போல முடிவின்றித் தொடர்பவை.

ஒரே வகையான மூன்று போசான்களில் ஒவ்வொரு நிலையும் முந்தையதைவிட 22.7 மடங்கு பெரியது. பிணைப்பாற்றல் ஏறத்தாழ 515 மடங்கு குறையும்.

நோக்கும் முறை

மீக்குளிர் வளிமத்தில் காந்தப்புலத்தை மாற்றுவதன் மூலம், அணுக்களுக்கிடையேயான ஈர்ப்பின் அளவுகோலான சிதறல் நீளத்தை விரும்பியவாறு மாற்றலாம். எஃபிமோவ் நிலையின் ஆற்றல் மூன்று தனி அணுக்களின் ஆற்றலோடு ஒன்றும் இடத்தில் ஒத்ததிர்வு தோன்றும். அப்போது மூன்று அணுக்கள் மோதி, இரண்டு மட்டும் மூலக்கூறாக இணைகின்றன; வெளிப்படும் ஆற்றலால் மூன்றும் பொறியை விட்டு வெளியேறுகின்றன. ஆகவே ஆய்வாளர் காண்பது மூவணுக் கூட்டை அன்று, அணுக்களின் எண்ணிக்கை சட்டெனக் குறைவதையே.

இவ்வாறு முதற்சான்று ஆசுத்திரியாவின் இன்சுபுரூக் நகரில் சீசியம் அணுக்களில் கிடைத்து, 2006 இல் வெளியானது. ஆனால் ஒரு படி ஏணியாகாது. இரண்டாம் படியை அதே குழுவினர் 2014 இல் கண்டனர். அதற்கு ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் சிதறல் நீளம் தேவைப்பட்டது. மூன்றாவதற்கு 20 மைக்ரோமீட்டருக்கும் மேல் வேண்டும்.

கலவைகள்

இத்தடையைத் தாண்ட இரு வேறு தனிமங்களின் கலவை உதவுகிறது. இரண்டு கனமான அணுக்களுக்கிடையே ஓர் இலேசான அணு விரைந்து சென்றுவந்து, அவற்றை இழுத்துப் பிணைக்கிறது. நிறை வேறுபாடு மிகுந்தால் ஈர்ப்பு வலுக்கும், படிகள் நெருங்கும். இரண்டு சீசியம்-133, ஒரு லித்தியம்-6 என்ற கூட்டில் விகிதம் 4.88 மட்டுமே. 2014 இல் சிக்காகோ, ஐடெல்பர்க்கு ஆகிய இரு இடங்களிலும் இக்கலவையில் ஒத்ததிர்வுகள் அளக்கப்பட்டன. சிக்காகோ குழுவினர் அடுத்தடுத்த மூன்றினைக் கண்டனர். ஏணி என்னும் கருத்துக்கு இதுவே வலுவான சான்று எனலாம்.

செய்முறை எளிதன்று. கனமான சீசியம் முகில் புவியீர்ப்பால் சற்றுக் கீழிறங்கி, லித்தியத்தை விட்டு விலகிவிடும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வைக்கவேண்டும்.

எல்லாக் கலவைகளும் இவ்வாறு உதவுவதில்லை. பொட்டாசியம்–ருபீடியம் கலவையில் நிறை வேறுபாடு குறைவு; படி விகிதம் நூறுக்கும் மேல். இக்கலவையில் ஒத்ததிர்வுகளைக் கண்டதாக 2009 இல் இத்தாலியின் புளோரன்சிலிருந்து அறிவிக்கப்பட்டது. பின்னர் அமெரிக்காவின் சைலா நிறுவனத்தில், வேறொரு பொட்டாசிய ஓரிடத்தானைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வில் (2013) அத்தகைய மூவணு ஒத்ததிர்வு தென்படவில்லை.

ஈலியத்தில்

2015 இல் பிராங்க்ஃபர்ட்டு ஆய்வாளர்கள், மூன்று ஈலியம் அணுக்களாலான எஃபிமோவ் கூட்டை லேசர் துடிப்பால் சிதறடித்து, அதன் வடிவத்தை அளந்தனர். இங்கு அணு இழப்பு என்னும் மறைமுகச் சான்று தேவைப்படவில்லை. இயற்கையிலேயே ஈலியம் அணுக்களின் சிதறல் நீளம் பெரிதாக இருப்பதால் காந்தப்புலமும் தேவைப்படவில்லை.