கையில் இல்லாத ஊரை விற்ற ராஜா

கடைமடைக் கதைகள் – வரலாற்றுத் தொடர்

காரைக்காலிலிருந்து அரசலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் நெரவி. இன்னும் கொஞ்ச தூரத்தில் திருமலைராயன்பட்டினம். உள்ளூர்க்காரர் வாயில் அது திருப்பட்டினம். வாஞ்சூரோடு புதுச்சேரி மண் முடிந்து நாகூர் வந்துவிடும். பஸ்ஸில் இந்த வழியாகப் போகிறவர்களுக்கு நெரவி என்றால் கொம்யூன் பஞ்சாயத்தும் ஓ.என்.ஜி.சி.யும்தான் நினைவுக்கு வரும். 1740இல் இந்த ஊரின் பெயர் ஒரு கிரயப் பட்டியலில் ஏறியது. விற்றவர் தஞ்சாவூர் மராட்டிய ராஜா. வாங்கியது பிரெஞ்சுக் கம்பெனி.

சோழர் வீட்டு வாரிசுச் சண்டை 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாகத் திரைக்கு வந்தது. தஞ்சை மராட்டியர் வீட்டுச் சண்டை அதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. போலி என்று பட்டம் கட்டப்பட்ட இளவரசன், ஆட்சிக்கு வந்த விதவை ராணி, ராஜாக்களை ஏற்றி இறக்கிய கோட்டைத் தலைவன், வேதப் புத்தகத்தின்மேல் சத்தியம் செய்துவிட்டுக் கழுத்தறுத்த தளபதி என்று திரைக்கதைக்கு வேண்டிய எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். படம் எடுக்கத்தான் ஆள் வரவில்லை.

சாவி எவர் கையில்?

சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி ஏகோஜி 1670களில் தஞ்சையைப் பிடித்தார். அவருக்குப் பின் அவருடைய மகன்கள் ஷாஜி, சரபோஜி, துக்கோஜி மூவரும் வரிசையாக ஆண்டார்கள். அறுபது ஆண்டுகள் அரியணை பெரிய ஆட்டம் காணவில்லை. துக்கோஜி கண்ணை மூடியதும் எல்லாம் அவிழ்ந்தது.

1736இல் பட்டத்துக்கு வந்த அவர் மகன் இரண்டாம் ஏகோஜி ஓராண்டு தாங்கினார். அவர் போனபின் மனைவி சுஜான் பாய் ஆட்சியை எடுத்துக்கொண்டார். அவரை இறக்கிவிட்டுக் காட்டு ராஜா என்பவர் வந்தார். தாம் பழைய சரபோஜியின் மகன் என்பது அவருடைய உரிமை வாதம். அரண்மனைப் பணிப்பெண்ணின் பிள்ளை என்பது எதிராளிகள் சொன்னது. பிறகு துக்கோஜியின் இன்னொரு மகன் சாகுஜி. அவருக்கும் பின்னால் பிரதாப்சிங். 1736க்கும் 1739க்கும் இடையில் ஐந்து பேர் அந்த ஆசனத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள்.

இத்தனை பேரையும் உட்காரவைத்ததிலும் எழுப்பிவிட்டதிலும் ஒருவர் கை இருந்தது. தஞ்சைக் கோட்டையின் கில்லேதார் சையத். அரண்மனை கோட்டைக்குள். கோட்டைக் கதவும் காவல் படையும் கில்லேதார் பொறுப்பில். ராஜாவுக்கு ரத்த உரிமை எவ்வளவு இருந்தாலும் சையத் கதவைத் திறந்தால்தான் உள்ளே வர முடியும். அதனால் பட்டத்துக்கு ஆசைப்பட்டவர்கள் குடிகளையோ பாளையக்காரர்களையோ தேடிப் போகவில்லை; சையதையே தேடிப் போனார்கள்.

சிதம்பரத்திலிருந்து ஒரு தூது

இந்தப் பட்டப் போட்டியில் 1738இல் விரட்டப்பட்ட சாகுஜி கொள்ளிடத்தைத் தாண்டிச் சிதம்பரத்தில் ஒதுங்கினார். அங்கிருந்து புதுச்சேரி கவர்னர் துய்மாவுக்கு ஆள் அனுப்பினார். பணமும் தளவாடமும் கொடுத்து உதவினால் காரைக்காலையும், கருக்களாச்சேரிக் கோட்டையையும், சுற்றியுள்ள சில கிராமங்களையும் எழுதிக்கொடுப்பதாகச் சொன்னார். பேசிய விலை அன்றைய நாணயத்தில் 40,000 சக்கரம். அந்த நேரத்தில் சாகுஜிக்குத் தஞ்சை ராஜ்யத்தில் ஒரு வேலி நிலம்கூடக் கைவசம் இல்லை.

துய்மா உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வரைபடத்தில் இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர். தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர். நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரர். காவிரிக் கரையின் நெல்லும் துணியும் இவர்கள் துறைமுகங்கள் வழியாகத்தான் கப்பல் ஏறின. புதுச்சேரிக்குத் துறை இருந்தது, டெல்டா இல்லை. தரங்கம்பாடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் எந்த ஐரோப்பியனும் உட்காராமல் மிச்சமிருந்த வாய் அரசலாற்று முகத்துவாரம்தான்.

சாகுஜி கெட்டிக்காரர். எதிராளியின் ஆட்களைப் பணத்தால் வளைத்து, பிரெஞ்சுக்காரர் ஒரு குண்டு போடுவதற்குள் தஞ்சைக்குத் திரும்பிப் பட்டம் ஏறிவிட்டார். காரைக்காலைக் கேட்டு ஆள் வந்தபோது கையை விரித்தார். பக்கத்தில் இன்னொரு வெள்ளைக்காரக் கடை திறப்பதை நாகப்பட்டினத்து டச்சுக்காரர்கள் விரும்பவில்லை. அவர்கள் கொடுத்த நெருக்குதலும் ஒரு சாக்காயிற்று. பிரெஞ்சுக் கப்பல்கள் இரண்டு காரைக்கால் கடலுக்கு வந்தன. கரையில் தஞ்சைப் படை நின்றது. கப்பல்கள் திரும்பிப் போயின.

சந்தா சாகிப் கொடுத்த பரிசு

இந்தச் சமயத்தில்தான் திருச்சியிலிருந்து ஒரு உதவிக் கரம் நீண்டது. அந்தக் கையை மதுரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நாயக்க வம்சத்துக் கடைசி ராணி மீனாட்சிக்குக் குர்ஆன்மேல் சத்தியம் செய்துகொடுத்து, பிறகு அவரையே சிறைவைத்துத் திருச்சிக் கோட்டையை எடுத்துக்கொண்ட ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப்தான் அவர். துணிக்குள் இருந்தது குர்ஆன் அல்ல, செங்கல் என்று ஒரு வழக்கும் உண்டு. ராணி நஞ்சுண்டு மாண்டார்.

சந்தா சாகிப்புக்குத் தஞ்சையோடு தகராறு இருந்தது. பிரெஞ்சுக்காரர் நட்பும் வேண்டியிருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தம்மிடம் வேலை பார்த்த பெரேரா என்ற ஐரோப்பியத் தளபதியைப் படையோடு அனுப்பினார். பெரேரா கருக்களாச்சேரிக் கோட்டையைப் பிடித்துப் பிரெஞ்சுக்காரர் கையில் ஒப்படைத்தார். 1739 பிப்ரவரி 14 அன்று காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. ஊரை எழுதிக்கொடுத்தவர் ஒருவர், பிடித்துக்கொடுத்தவர் வேறொருவர். இருவருமே தங்களுக்குச் சொந்தமில்லாததைக் கொடுத்தார்கள்.

அதற்குப் பத்தாம் நாள், பிப்ரவரி 24 அன்று, தில்லிக்கு வடக்கே கர்னாலில் பாரசீகத்து நாதிர் ஷா முகலாயப் படையை நொறுக்கினார். பாதுஷா முகமது ஷா கைதியைப் போல அவர் கூடாரத்துக்குப் போனார். அடுத்த மாதம் தில்லி கொள்ளை போயிற்று. மயிலாசனம் பாரசீகம் போயிற்று.

இரண்டும் தனித்தனிச் செய்திகள் அல்ல. தஞ்சை ராஜா ஆற்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டவேண்டியவர். நவாப் ஐதராபாத் நிஜாமுக்கு அடங்கியவர். நிஜாம் பாதுஷாவின் சுபேதார். ஏட்டில் இந்த ஏணி அப்படியே இருந்தது. ஒருவர் வாக்குத் தவறினால் மேலே உள்ளவரிடம் முறையிடலாம், அவர் படை அனுப்பலாம் என்பதுதான் இதன் பொருள். ஏணியின் உச்சிப்படி கர்னாலில் முறிவதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது. அதனால்தான் சாகுஜி எழுதிக்கொடுத்துவிட்டு மறுக்க முடிந்தது. சந்தா சாகிப் அடுத்தவர் ஊரைப் பிடித்துப் பரிசாகக் கொடுக்க முடிந்தது. கேட்பார் இல்லை.

நெரவிக்கு வந்த விலை

சாகுஜி அதிக நாள் நீடிக்கவில்லை. 1739இலேயே சையத் அவரை இறக்கிவிட்டுத் துக்கோஜியின் ஆசைநாயகி மகனான பிரதாப்சிங்கை ஏற்றினார். சொன்னபடி கேட்கும் பிள்ளை என்று சையத் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஏற்றிவிட்டவர்களால் இறக்கவும் முடியும் என்பதைப் பிரதாப்சிங் முந்தைய நான்கு பேரிடமிருந்து கற்றிருந்தார். சந்தா சாகிப்போடு சேர்ந்து சதி செய்ததாகக் குற்றம் சாட்டி, சையதைத் தீர்த்துக்கட்டினார். பிறகு 1763 வரை, இருபத்துநான்கு ஆண்டுகள், தஞ்சையை அவரே ஆண்டார்.

புது ராஜாவுக்குப் பணம் தேவைப்பட்டது. முன்னவர் பேசிய தொகையில் பாக்கி இருக்கிறது என்று பிரெஞ்சுக்காரரிடம் கணக்குக் கேட்டார். அவர்கள் கூடுதல் நிலம் கேட்டார்கள். 1740இல் பேரம் முடிந்தது. கொண்டகை, வாஞ்சூர், தருமபுரம், போலகம் முதலான கிராமங்களோடு நெரவியும் கைமாறியது. காரைக்காலுக்கும் திருமலைராயன்பட்டினத்துக்கும் பிரெஞ்சுக்காரர் தஞ்சைக்குக் கட்டவேண்டிய ஆண்டுக் குத்தகை 2,000 வராகனாகக் குறைந்தது.

ஒரே சரக்கு, இரண்டாவது வியாபாரி

பட்டம் போன சாகுஜி பத்து ஆண்டுகள் கழித்து மறுபடி மேடைக்கு வந்தார். இம்முறை அவர் தட்டிய கதவு தேவனாம்பட்டினத்து ஆங்கிலேயருடையது. தம்மைப் பட்டத்தில் வைத்தால் கொள்ளிடம் கடலில் கலக்குமிடத்தில் உள்ள தேவிக்கோட்டையைக் கொடுப்பதாகச் சொன்னார். பிரெஞ்சுக்காரரிடம் விற்ற அதே சரக்குதான், ஊர்ப்பெயர் மட்டும் வேறு.

1749இல் ஆங்கிலப் படை போயிற்று. முதல் முயற்சி தோற்றது. சாகுஜிக்காகக் குடிகள் திரண்டு வருவார்கள் என்று நம்பிப் போனவர்களை வரவேற்க ஒருவரும் வரவில்லை. இரண்டாம் முறை மேஜர் லாரன்ஸ் கடல்வழியாகப் போய்க் கோட்டை மதிலை உடைத்தார். உடைப்பில் முதலில் பாய்ந்த அணிக்குத் தலைமை, இருபத்துமூன்று வயது லெப்டினன்ட் ராபர்ட் கிளைவ். பின்னால் வரவேண்டிய சிப்பாய்கள் தயங்கி நிற்க, தஞ்சைக் குதிரைப்படை பக்கவாட்டில் புகுந்து வெட்டியது. கிளைவோடு முன்னே ஓடிய ஐரோப்பியரில் பெரும்பாலோர் அங்கேயே விழுந்தார்கள். கிளைவ் மயிரிழையில் தப்பினார்.

கோட்டை விழுந்ததும் ஆங்கிலேயர் சாகுஜியை மறந்தார்கள். பிரதாப்சிங்கோடு சமாதானம் பேசித் தேவிக்கோட்டையையும் ஆண்டுக்கு 9,000 வராகன் வருமானமுள்ள நிலத்தையும் வாங்கிக்கொண்டார்கள். சாகுஜி மறுபடி தஞ்சைக்குத் தொல்லை தராதபடி அவரைத் தாங்களே வைத்துக்கொள்வதென்றும், அவர் செலவுக்குப் பிரதாப்சிங் ஆண்டுக்கு 4,000 ரூபாய் தருவதென்றும் முடிவாயிற்று. பட்டத்துக்கு உதவி கேட்டுப் போனவர், உதவ வந்தவர்களின் காவலில் முடிந்தார். 1738இல் அவர் துய்மாவுக்குச் செய்ததை 1749இல் ஆங்கிலேயர் அவருக்குச் செய்தார்கள்.

செல்லாத காசும் வெட்டுண்ட தலையும்

இடையில் மராட்டியரிடம் சிக்கி, 1741 முதல் சாதாராவில் சிறையிருந்த சந்தா சாகிப் விடுதலையாகி வந்தார். புதுச்சேரியில் இப்போது கவர்னர் துய்ப்ளே. இருவரும் கூட்டுச் சேர்ந்து 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீனைக் கொன்றார்கள். ஆண்டு முடிவில் பிரெஞ்சுப் படையோடு தஞ்சைக் கோட்டையைச் சுற்றி வளைத்தார்கள்.

பிரதாப்சிங் யாரென்று அங்கேதான் தெரிந்தது. 70 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு தவணை கட்டத் தொடங்கினார். ஒரு நாள் பழைய வெள்ளிப் பாத்திரங்கள் வந்தன. எடை போட்டு, மாற்றுப் பார்த்து, விலை பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்தது. இன்னொரு நாள் வழக்கொழிந்த காசுகள் மூட்டையாக வந்தன. ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் நகைகளும் கற்களும். அவற்றுக்கு எவர் மதிப்புச் சொன்னாலும் மற்றவர் மறுக்கலாம். இப்படி நாளைக் கடத்திக்கொண்டிருக்கும்போதே நிஜாம் நாசிர் ஜங் பெரும்படையோடு வருகிறார் என்ற செய்தி எட்டியது. சந்தா சாகிப் முற்றுகையை விட்டுக் கிளம்பினார். பெரும் தொகை பாக்கி நின்றது.

பிரெஞ்சுக்காரர் பங்கு மட்டும் பாக்கி நிற்கவில்லை. காரைக்காலைச் சுற்றி 81 கிராமங்கள் அவர்களுக்கு எழுதப்பட்டன. 2,000 வராகன் குத்தகையும் ரத்தாயிற்று. 1750 ஜனவரியில் ஏற்பாடு உறுதியானது. ரொக்கத்தை நம்பியவர் வெறுங்கையோடு போனார். நிலத்தைக் கேட்டவர் தங்கிவிட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் செஞ்சி அருகே நாசிர் ஜங் தம் பக்கத்து நவாப் ஒருவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1752இல் சந்தா சாகிப்பின் முறை வந்தது. ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுக்காரரோடு மாட்டிக்கொண்ட அவர், தஞ்சைத் தளபதி மானோஜியிடம் ரகசியமாகப் பேசினார். பிரெஞ்சு எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடுவதாக மானோஜி சத்தியம் செய்தார். நம்பி வந்தவரை விலங்கிட்டார். கைதி எனக்கு, உனக்கு என்று அன்வருத்தீனின் மகன் முகமது அலி, மைசூர் நஞ்சராஜா, மராட்டியர், ஆங்கிலேயர் எல்லோரும் போட்டியிட்டார்கள். மானோஜி தலையை வெட்டி வழக்கை முடித்தார். தலை முகமது அலிக்குப் போயிற்று. ஜெயித்த முகமது அலி அடுத்த வேலையாக, உதவிக்குக் கூலியாகத் திருச்சியைத் தருவதாக நஞ்சராஜாவுக்குக் கொடுத்த வாக்கை மீறினார்.

இவர்கள் எல்லோரையும் வஞ்சகர் என்று ஒரே முத்திரை குத்திவிடலாம். ஆனால் ஒவ்வொருவரும் ஏமாற்றியதைப் போலவே ஏமாந்தும் இருக்கிறார்கள். வாக்கை நிறைவேற்றவைக்க மேலே ஒரு கை இல்லாத காலத்தில், அடுத்தவன் முந்திக்கொள்வான் என்ற பயமே எல்லோரையும் முந்தவைத்தது. அரியணை, சுபா, நவாப் பட்டம் என்று பெரிதாக ஆசைப்பட்டவர்கள் தலையையோ பட்டத்தையோ இழந்தார்கள். கப்பல் நிற்க ஒரு முகத்துவாரம், அதைச் சுற்றி நெல் விளையும் கிராமங்கள் என்று கேட்டவர்கள், இடையில் ஆங்கிலேயரிடம் இழந்தும் மீட்டும், 1954 நவம்பர் 1 வரை இங்கே இருந்தார்கள். தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவில் காரைக்கால் இன்று தனித்து நிற்பதற்கு வேர் அந்த நாற்பதாயிரம் சக்கரப் பேச்சில் இருக்கிறது.

பிரதாப்சிங் கட்டாமல் விட்ட பாக்கிப் பத்திரம் செத்துப் போகவில்லை. 1758இல் அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு பிரெஞ்சுத் தளபதி லாலி காரைக்காலிலிருந்து தஞ்சைக்குப் புறப்பட்டார். வழியில் நாகூரும் கீழ்வேளூரும் பட்ட பாட்டையும், லாலி பட்ட பாட்டையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)