கிரிவலப் பாதை கடைகளை நினைத்த நேரத்தில் அகற்றலாமா? தெரு வியாபாரிகள் சட்டம் சொல்வது என்ன?

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். அவர்களை நம்பி பூ, கற்பூரம், இளநீர், சுண்டல், டீ, பொம்மை என வழியெங்கும் தரைக்கடைகளும் தள்ளுவண்டிகளும் முளைக்கின்றன. நெரிசல் கூடினால் முதலில் எழும் குரல், 'ஆக்கிரமிப்பை எடுங்க' என்பதுதான். ஆனால் அவர்களுக்கென்று தனிச் சட்டமே இருக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

தெருவில் வியாபாரம் செய்வதும் அடிப்படை உரிமைதான், அதை முறைப்படுத்தலாம் என 1989-ல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் தொடர்ச்சியாக வந்த தெரு வியாபாரிகள் சட்டம், 2014 மே 1 முதல் அமலில் உள்ளது. அதன் முக்கிய அம்சங்கள்:

• 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடத்த வேண்டும். அது முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.
• இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும்.
• பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். கட்டணம் செலுத்திக் கேட்டால் அழுகும் பொருளை அன்றே, மற்றதை 2 வேலை நாளில் திருப்பித் தர வேண்டும்.
• ஆணையர் தலைமையிலான நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தேர்தலில் வென்ற வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

எத்தனை பேருக்கு இடம்?

மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை என்பது சட்டத்தின் அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை நகராட்சியின் மக்கள்தொகை 1,45,278. அதன்படி சுமார் 3,600 பேர். 2024-ல் ஊர் மாநகராட்சி ஆனது. ஆனால் இந்தக் கணக்கு உள்ளூர்வாசிகளை மட்டுமே எண்ணுகிறது. கிரிவலப் பாதையில் சந்தையை உருவாக்குவதோ வெளியூர் பக்தர்கள்!

அப்போ சிக்கல் எங்கே?

சான்றிதழ் வாங்குபவர், 'எனக்கு வேறு பிழைப்பு இல்லை' என உறுதி தர வேண்டும். மற்ற நாளில் கூலி வேலைக்குப் போய், பௌர்ணமிக்கு மட்டும் கடை போடுபவர் இந்த வரிக்குள் வர மாட்டார். நெரிசல் நாளில் அதிகம் தேவைப்படும் வியாபாரிதான் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

இதில் அரசியல் என்ன?

கையில் அட்டை இல்லாதவரின் கடை, யாரோ ஒருவர் கண்டுகொள்ளாமல் விடுவதால் நிற்கிறது. சலுகையாக வந்த இடம், ஆள் மாறினால் போய்விடும். அதனால் வியாபாரி உள்ளூர் செல்வாக்கை நம்பியே இருக்க வேண்டியிருக்கு. அட்டை இருந்தால் அதே இடம் அவர் உரிமை.

இது நம்மூர் கதை மட்டுமல்ல. உலகத் தொழிலாளர்களில் 60 சதவீதத்துக்கு மேல், அதாவது 200 கோடி பேர், அமைப்புசாரா வேலையில் இருப்பதாக ஐ.நா.வின் தொழிலாளர் அமைப்பு 2018-ல் கூறியது. துனிசியாவில் 2010 டிசம்பர் 17-ல், அதிகாரிகள் பொருட்களைப் பறித்ததால் தீக்குளித்த பழ வியாபாரி முகமது பூவசீசி பின்னர் உயிரிழந்தார். அதில் தொடங்கிய போராட்டம், ஒரு மாதத்துக்குள் அதிபர் பென் அலியை நாட்டை விட்டே ஓட வைத்தது.

கடனுக்கும் அட்டையா?

ஆமாம். அட்டை இல்லாதவருக்குத் தண்டல்காரர்தான் கதி. முன்கூட்டியே வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுத்து, தினமும் வசூலிப்பார்கள். 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் ஸ்வநிதி திட்டத்தில் பிணையின்றி ரூ.15,000, பிறகு ரூ.25,000, ரூ.50,000 எனப் படிப்படியாகக் கடன் கிடைக்கும். அதற்கு அடையாள அட்டையோ, உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ தேவை.

வியாபாரிகள் என்ன செய்யலாம்?

கணக்கெடுப்பில் பெயர் இருக்கிறதா எனப் பாருங்க. அகற்றச் சொன்னால் எழுத்துபூர்வ நோட்டீஸ் கேளுங்க. பொருளை எடுத்தால் பட்டியல் வாங்காமல் விடாதீங்க. குறை இருந்தால், முன்னாள் நீதிபதி தலைமையில் அமைக்கப்பட வேண்டிய குறைதீர்ப்புக் குழுவிடம் முறையிடச் சட்டம் இடம் தருகிறது.

பக்தர்களுக்கு நடக்க வழி வேண்டும், வியாபாரிக்கும் பிழைக்க வழி வேண்டும். இரண்டுக்கும் எல்லைக்கோடு போடும் இடம் நகர விற்பனைக் குழு. அது முறையாகக் கூடினால், பௌர்ணமி இரவில் தள்ளுவண்டியைத் துரத்த வேண்டிய வேலையே இருக்காது.