தொடர் ஒருங்கிணைப்பு சர்வர்களின் படிநிலை மேம்படுத்தல்

நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் தொகுத்துச் சோதிக்கும் முறை தொடர் ஒருங்கிணைப்பு. இதற்குப் பயன்படும் ஜென்கின்ஸ் மென்பொருளில் வேலையைப் பங்கிடுவது கன்ட்ரோலர்; அதைச் செய்து முடிப்பவை ஏஜென்ட்கள். இவற்றின் பதிப்புகளை ஒரே மூச்சில் மாற்றாமல் முறைவைத்து உயர்த்துவதே படிநிலை மேம்படுத்தல். ‘ஓடுகிற சர்வரில் கைவைக்காதே’ என்பவர்கள் இதைத் தேவையற்ற வேலை என்பார்கள். தள்ளிப்போட்டால் வேலை குறைவதில்லை, அவசர நேரத்தில் மொத்தமாக வந்து விழுகிறது.

2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் மீது நடந்த ரான்சம்வேர் தாக்குதலால் சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைப்பட்டது. அதன் கூட்டாளி நிறுவனம் ஒன்றில் சரியாக அமைக்கப்படாத ஜென்கின்ஸ் சர்வர் வழியாகவே தாக்குதல் தொடங்கியது என்று பெங்களூருவின் கிளவுட்செக் நிறுவனம் தன் ஆய்வில் கூறியது. அது சுட்டிய ஓட்டை சி.வி.இ-2024-23897. ஜென்கின்ஸின் கட்டளைவரியில் ‘@’ குறியோடு ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்தால், உள்நுழையாதவருக்கும் அக்கோப்பின் சில வரிகள் தெரிந்துவிடும். திருத்தமோ அந்த ஆண்டு ஜனவரி 24 அன்றே, 2.442, 2.426.3 பதிப்புகளில் வந்துவிட்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமே, படிகள் எதற்கு என்று கேட்கலாம். தடை, ஜென்கின்ஸ் இயங்கத் தேவையான ஜாவாவில் இருக்கிறது. நீண்டகால ஆதரவு வரிசையில் 2022 செப்டம்பரில் வந்த 2.361.1 முதல் குறைந்தது ஜாவா 11 கட்டாயமானது. 2024 அக்டோபரின் 2.479.1 முதல் ஜாவா 17. கன்ட்ரோலர் தரும் நிரலைத்தான் ஏஜென்ட் இயக்குகிறது. ஆகவே கன்ட்ரோலரை முதலில் உயர்த்தினால், பழைய ஜாவாவில் உள்ள ஏஜென்ட்கள் அனைத்தும் ஒருசேர இணைப்பிழக்கும். முதலில் சில ஏஜென்ட்களில் புதிய ஜாவா, பிறகு எல்லாவற்றிலும், நகல் சர்வரில் பிளகின் (செருகுநிரல்) சோதனை, கடைசியில் கன்ட்ரோலர் என்பதே பொருந்தும் வரிசை. ஜாவா 8-இல் தங்கிவிட்ட ஒரு நிறுவனம் 2024 ஜனவரியில் திருத்தத்தை நிறுவ முனைந்திருந்தால், இத்தனை படிகளையும் தாண்டிய பிறகே அதைத் தொட்டிருக்க முடியும். 2.426 வரிசையில் ஏற்கெனவே இருந்தவருக்கு அது ஒரே படி.

‘எங்கள் பழைய திட்டத்துக்கு ஜாவா 8 வேண்டுமே’ என்ற மறுப்பு நிற்காது. ஏஜென்டை இயக்கும் ஜாவா வேறு, பில்டுக்கான, அதாவது நிரலைத் தொகுப்பதற்கான, ஜாவா வேறு. ஒரே கணினியில் இரண்டும் இருக்கலாம். நேரமில்லை என்பதற்குச் சற்றுக் கூடுதல் நியாயம் உண்டு. ஒரு நிறுவனத்தின் பெங்களூரு அலுவலகமும் அமெரிக்கத் தலைமையகமும் ஒரே சர்வரைப் பகிரும்போது ஆளில்லாத இரவு என்று ஒன்று கிடையாது. ஆனால் ஏஜென்ட்களைச் சிறு தொகுதிகளாக விலக்கி மாற்றினால் பில்டுகள் நிற்பதில்லை. கன்ட்ரோலருக்கு மட்டும் ஒரு சிறு இடைவெளி போதும். அதற்கு முன் அதன் தரவுக் கோப்புறையைக் காப்புநகல் எடுப்பது அவசியம், புதிய பதிப்பு மாற்றிய கோப்புகளைப் பழையது படிக்காமல் போகலாம்.

உடனே மேம்படுத்த இயலாதவர்கள் கட்டளைவரி அணுகலை முடக்கிவைக்கலாம் என்று அந்த ஓட்டை பற்றிய ஜென்கின்ஸ் அறிவிப்பே சொல்லியிருந்தது. அதற்கு சர்வரை மறுதொடக்கம் செய்யவும் வேண்டியிருக்கவில்லை.